அமெரிக்காவுக்கு மட்டும் ஒரு சித்தப்பா

"அப்பான்ர படத்தை ஹோல்ல கொழுவுங்கோ, பெரியம்மா."

உஷாந்தி இதைச் சொன்னபோது அருந்ததி இடியப்பத்தைச் சொதியில் நனைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. அவளுடைய கணவர் கதிர்காமநாதன் பேப்பரைத் தாழ்த்தினார். மகன் மிதுஷன் மட்டும் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சட்டம் போட்ட படம் சாப்பாட்டு மேசையின் நடுவில், சம்பல் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் அம்மா வீட்டுக்குப் போனபோது, அம்மா குளிக்கிற நேரம் பார்த்து உஷாந்தி சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த படம்.

அந்த வெள்ளவத்தை வீட்டில் என்னென்ன கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று, பல்கலைக்கழகத்துக்கான ஏ.எல். பரீட்சைக்குப் படிப்பதற்காக அவளை அங்கே கொண்டுவந்து விட்ட அன்றே அம்மா ஜெயராணி சொல்லியிருந்தாள். "சாப்பாடு கேள், பஸ் காசு கேள். அப்பாவைப் பற்றி மட்டும் எதுவும் கேட்டிடாத. அக்கா பொறுக்கமாட்டா."

அக்கா பொறுக்காததற்குக் காரணம் இருந்தது. தங்கச்சிக்காரி, கொச்சிக்கடையில் துறைமுகப் பண்டகசாலையில் மூட்டை தூக்கிய ஒஸ்வால்டைக் கட்டிக்கொண்டு போனவள். அவர் வேதக்காரர் என்பதையாவது அருந்ததி மன்னித்திருப்பாள். வெள்ளவத்தையில் இப்போதெல்லாம் அதற்கு முற்போக்கு என்று பெயர். அவருடைய சாதியைத்தான் விழுங்க முடியவில்லை. ஒஸ்வால்ட் உயிரோடு இருந்தவரை இந்த வாசலை மிதிக்கவில்லை. ஒரு மழைநாளில் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து அவர் செத்தபோது, செத்த வீட்டுக்கு வர அருந்ததிக்கு நேரமில்லை. கல்கிசையில் ஒரு கலியாண வீடு இருந்தது.

இந்த வருஷம் அந்த வீட்டிலிருந்து இரண்டு பேர் பல்கலைக்கழகத்துக்குத் தயாரானார்கள். உஷாந்தி தயாரான விதம் எளிது. விடிய எழும்பித் தேங்காய் துருவுவாள், வீடு கூட்டுவாள், டியூஷனுக்கு ஓடுவாள், வந்து குசினி மேசையில் பழைய வினாத்தாள் செய்வாள். "எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று அருந்ததி வருகிறவர்களிடம் சொல்வாள். அந்த 'மாதிரி'க்குள் துருவலையும் தும்புத்தடியும் அடக்கம்.

மிதுஷன் தனியாகத் தயாராகவில்லை; வீடே சேர்ந்து அவனைத் தயாராக்கியது. சர்வதேசப் பாடசாலை, நீச்சல், கித்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிள்ளைகளைச் சேர்த்துவிடும் ஆலோசகர் றமேஷ் வந்து, தலைமைத்துவம் வேண்டும் என்றார். உடனே சுற்றாடல் சங்கம் ஒன்று பிறந்தது. மிதுஷன் தலைவர், அம்மா செயலாளர், டிரைவர் அங்கத்தவர். கடற்கரையைச் சுத்தம் செய்கிற படம் எடுக்கப் போன அன்று பார்த்து மாநகரசபைக்காரர்கள் விடியவே கூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். உஷாந்திதான் வீட்டுக்கு ஓடி வெற்றுப் போத்தல்கள் கொண்டுவந்து மணலில் பரப்பினாள். படம் நன்றாக வந்தது.

பிறகு கட்டுரைக்கு வந்தார்கள். விண்ணப்பத்தோடு, பிள்ளை தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டுமாம்.

"மார்க்ஸ் எல்லாரிட்டயும் இருக்கு மிஸிஸ் நாதன்," என்றார் றமேஷ். "ஸ்டோரி வேணும். உங்கட குடும்பத்தில ஏதாவது கஷ்டம்?"

அருந்ததி வெட்கப்பட்டாள். "இல்லை சேர். நாங்கள் நல்லாத்தான் இருந்தனாங்கள்."

"எண்பத்து மூண்டுக் கலவரத்தில?"

"எங்கட மாமாவின்ர கடை எரிஞ்சது."

"அதை எல்லாரும் எழுதுகினம். எடுபடாது. புதுசா ஏதும்?"

அடுத்த நாள் மிதுஷன் ஒரு கப் மைலோவோடு குசினிக்கு வந்தான். "அக்கா, உங்கட அப்பா எப்பிடி ஆள்?" என்று கேட்டான். அந்த வீட்டில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. உஷாந்தி துருவலையைத் தள்ளி வைத்தாள். மைலோ ஆறும்வரை சொன்னாள். அப்பாவின் சேர்ட்டில் எப்போதும் இருந்த வெங்காய வாசம், தோளில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பல் காட்டியது, ஒவ்வொரு கப்பலும் எந்த நாட்டுக்குப் போகிறது என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னது.

சனிக்கிழமை பின்னேரம் றமேஷுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஹோலில் மிதுஷன் தன் கட்டுரையை ஆங்கிலத்தில் உரக்க வாசிப்பது கேட்டது. என்னைத் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா. அவருடைய சேர்ட்டில் வெங்காய வாசம். மூட்டைகள் சரிந்த அந்த மழைநாள். அன்றைக்குத்தான் ஏழைகளுக்காக வாழ முடிவெடுத்தேன். றமேஷ் கைதட்டினார். கட்டுரை ஏற்கெனவே போய்விட்டது; நேர்முகத்துக்கும் கூப்பிட்டுவிட்டார்களாம். கணினியில்தான் கதைப்பார்கள்.

உஷாந்தி தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். திங்கட்கிழமை காலையில் படத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"உனக்கென்ன விசரே?" என்றாள் அருந்ததி. "ஹோலில எங்கட அப்பா அம்மான்ர படம் கிடக்கு. அதுக்குப் பக்கத்திலயோ?"

"மிதுஷனைத் தூக்கி வளத்த சித்தப்பாதானே பெரியம்மா. வளத்த மனுசனுக்குச் சுவரில ஒரு இடம் குடுக்கிறதில என்ன?"

"அது சும்மா எழுதினது. எல்லாரும் செய்யிறதுதான்."

"அப்ப அங்க எழுதிப் போடுங்கோ, சும்மா எழுதினதெண்டு."

கதிர்காமநாதன் செருமினார். "பிள்ளை, படத்தைக் கொழுவினா வாற போற ஆக்கள் கேப்பினம், ஆர் இவரெண்டு. நாங்கள் என்ன சொல்லுறது?"

"அமெரிக்காவுக்கு என்ன சொன்னனீங்களோ, அதைத்தான்."

"அமெரிக்காவுக்குச் சொல்லலாம்," என்று வெடித்தாள் அருந்ததி. "வெள்ளவத்தைக்குச் சொல்லேலாது!"

சொன்ன பிறகு அவளுக்கே அது கேட்டிருக்க வேண்டும். சொதிக் கையோடு போனை எடுத்து றமேஷைக் கூப்பிட்டாள். இவளே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டால் பிள்ளையின் வாழ்க்கை என்னாவது என்ற பயம். நடந்ததைச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டாள்.

றமேஷ் கோபப்படவில்லை. சந்தோஷப்பட்டார். "படம் இருக்கே? ஏன் முதலே சொல்லேல்ல? இன்ரவியூ அண்டைக்குத் தம்பிக்குப் பின்னால சுவரில கொழுவுங்கோ. சின்னதா ஒரு பூமாலையும் போடுங்கோ. கட்டாயம் கேப்பாங்கள். தம்பி அந்த இடத்தில குரல் தழுதழுக்கக் கதைக்கோணும்."

"பிறகு?" என்றாள் அருந்ததி.

"பிறகு கழட்டலாம்தானே."

வீடு மூச்சு விட்டது. கதிர்காமநாதன் சமாதானம் செய்துவைத்த நீதவான் மாதிரி எழும்பினார். "பாத்தியே பிள்ளை, நீ கேட்டதும் நடந்திட்டுது." சுத்தியலைத் தேடி எடுத்து மகனின் அறைக்குப் போனார். "தம்பி, கொம்பியூட்டரைப் போடு. எவடத்தில அடிச்சா கமெராவுக்கு விழும் எண்டு பாப்பம்." ஆணி இறங்குகிற சத்தம் கேட்டது. தன் கையால் ஒரு குவளை தண்ணீர் கொடுக்காத மனிதருக்காக அவர் கவனமாக, சுவர் வெடிக்காமல் அடித்தார்.

உஷாந்தி படத்தைக் கையில் எடுத்தாள். கண்ணாடியில் தெறித்திருந்த சொதியைச் சட்டை நுனியால் துடைத்தாள். உள்ளே போய், விடியவே கட்டிவைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பதில் அவளுக்கு முன்னமே தெரியும். அதை அவர்களுடைய வாயால் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"எங்க போறாய்?"

"வீட்டை."

"சோதினைக்கு மூண்டு மாசம் கிடக்கு. அந்த ஒரு அறைக்குள்ள, அந்தச் சத்தத்துக்குள்ள இருந்து என்னத்தைப் படிக்கப்போறாய்?"

"பௌதிகம், பெரியம்மா."

"படத்தையாவது வைச்சிட்டுப் போ! வெள்ளிக்கிழமை இன்ரவியூ முடிஞ்ச உடன டிரைவரிட்டக் குடுத்து விடுறன்."

உஷாந்தி செருப்பை மாட்டினாள். படிக்கட்டுவரை மிதுஷன் பின்னால் ஓடிவந்தான். முகத்தில் உண்மையான கலக்கம். இதுவரை அவன் எதற்கும் இப்படிக் கலங்கி அவள் பார்த்ததில்லை.

"அக்கா, அக்கா, ஒரு நிமிஷம். கோவிக்காதேங்கோ. சித்தப்பான்ர பேர் என்ன? கேட்டாங்களெண்டா நான் என்ன சொல்லுறது?"

அவள் நின்று அவனைப் பார்த்தாள்.

"உன்னைத் தோளில தூக்கித் திரிஞ்ச மனுசன்தானே," என்றாள். "யோசிச்சுப் பார். ஞாபகம் வரும்."

பையை ஒரு தோளிலும் அப்பாவை மற்றக் கக்கத்திலும் வைத்துக்கொண்டு, பஸ் ஓடுகிற காலி வீதிப் பக்கம் படியிறங்கினாள்.