பதினோரு வீடும் ஒரு புங்கமரமும்

காத்தாயியின் வீட்டை மட்டும் எப்படிச் செய்தாலும் கண்ணுக்கு ஒட்டவில்லை.

தஞ்சாவூரில் அம்சம் படித்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கைத்தொழில் வகுப்பு என்றால் சும்மா பொழுதுபோக்கு இல்லை. அவரவர் பார்த்துப் பழகிய இடம் ஒன்றை நெட்டியில் செய்ய வேண்டும், போகிறவர்கள் நின்று பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று கமருன்னிஸா டீச்சர் சொல்லிவிட்டார். மற்றப் பெண்கள் கோபுரத்துக்கும் தேருக்கும் பாய்ந்தார்கள். அம்சம் தன் தெருவை எடுத்துக்கொண்டாள். வாய்க்கால் ஓரத்துத் திடலில், பண்ணையாரின் மனையில், கூலிக்காரர்கள் குடியிருந்த பன்னிரண்டு கூரை வீடுகள். அதில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று பக்கத்து மேசைக்காரி உதட்டைப் பிதுக்கினாள். வீடுகள் ஒவ்வொன்றாக எழும்ப எழும்ப, அவளே தன் தேரை விட்டுவிட்டு எழுந்து வந்து பார்க்க ஆரம்பித்தாள்.

நெட்டி குளத்தில் வளர்கிற செடி. காய்ந்தபின் பழுப்புத் தோலைச் சீவினால் உள்ளே தும்பைப்பூ வெள்ளை. கத்தி கொஞ்சம் மழுங்கினாலும் நசுங்கிவிடும். அந்த நெட்டியை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அறுத்துக் கொடுத்ததே காத்தாயிதான். அம்சத்தின் அப்பா மருதையனுக்கு அவள் ஒன்றுவிட்ட அக்காள். புருஷனும் போய், பிள்ளையும் இல்லாமல், தெருவின் நட்டநடுவில் தனியாக ஒரு வீட்டில் கிடந்தாள். அறுத்ததைத் தன் கூரைமேலேயே பரப்பிக் காயவைத்து, கட்டாகக் கட்டி, மருதையன் தலையில் ஏற்றி பஸ்ஸுக்கு அனுப்பினாள்.

அந்தக் கூரைதான் சிக்கல். ஒரு பக்கம் சரிந்து, முட்டுக்கொடுத்த கழி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கதவுக்குப் பதிலாக உரச்சாக்கு தொங்கும். அம்சம் அதை உள்ளபடியே செய்து வைத்துப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்ற வரிசையில் அது ஒன்று மட்டும் சொத்தைப் பல்லாக இளித்தது.

டீச்சர் வந்து குனிந்து பார்த்தார்.

"எங்க பார்த்தாலும் கண்ணு திரும்ப இங்கேயே வந்து முட்டுது பாரும்மா. எல்லாத்தையும் வச்சா அது சந்தைக்கடை. எதை விடுறோங்கிறதுலதான் அழகு இருக்கு."

அந்த வீட்டை எடு என்று அவர் சொல்லவில்லை. பின்னால் டீச்சர்மேல் பழியைப் போட அம்சம் எத்தனையோ தடவை முயன்று பார்த்தாள், முடியவில்லை. எடுத்தது அவள் கைதான். பெயர்த்து எடுத்த இடத்தில் ஒரு புங்கமரத்தை வைத்தாள். இலை இலையாகச் சீவி ஒட்டினாள். அப்படி ஒரு மரம் அந்தத் தெருவில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருந்தால் நன்றாக இருக்குமே என்று சின்ன வயசிலிருந்து அவளுக்கு ஓர் ஆசை, அவ்வளவுதான். அத்தையின் வீட்டைக் குப்பைக்கூடையில் போட்டபோது மனசு கொஞ்சம் குறுகுறுத்தது. மரம் அத்தனை அழகாக வந்துவிட்ட சந்தோஷத்தில் அந்தக் குறுகுறுப்பும் அடங்கிப் போயிற்று.

சித்திரையில் பொருட்காட்சி நடந்தது. திறந்து வைக்க வந்த மந்திரி, கோபுரங்களை எல்லாம் கடந்து வந்து அந்தத் தெருவின் முன்னால் நின்றார். முதல் பரிசு அதற்குத்தான். 'எங்கள் தெரு' என்று அட்டையில் எழுதி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஊரிலிருந்து யாரும் வந்து பார்க்கவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பொம்மை பார்க்க யாருக்கு ஒழிந்தது?

ஆனியில் சட்டம் வந்தது. விவசாயக் கூலி குடியிருக்கும் மனை இனி அவனுக்கே சொந்தம் என்று ரேடியோவில் சொன்னார்கள். தெருமுனையில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செங்கொடியும் ஆளுங்கட்சியின் கறுப்பு சிவப்புக் கொடியும் என்றைக்கும் இல்லாத உறவாகப் பக்கத்தில் பக்கத்தில் பறந்தன. பண்ணையார் விவரம் தெரியாதவரா என்ன? குடியிருந்தால்தானே மனை? ஆடிப்பெருக்கன்று தெரு ஜனம் மொத்தமும் ஆற்றுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து டிராக்டர் வந்தது. மாவிளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர்களுக்கு வீடும் இல்லை, அடுப்புக்கல்லும் இல்லை. திடல் முழுக்க உழுது வாழைக்கன்று நட்டிருந்தது.

"இது எப்பவுமே வாழைக்கொல்லைதானப்பா" என்றார் பண்ணையின் ஏஜெண்ட் பஞ்சநதம். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணமும் ஆமாம் போட்டார்.

ஜனங்கள் ஊராட்சிப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் ஒண்டினார்கள். தாசில்தாருக்கு மனுப் போனது. வீடு இருந்தது என்று சொல்ல இவர்கள் பக்கம் இருபது வாய் என்றால், இல்லை என்று சொல்லப் பண்ணையின் பக்கம் நாற்பது வாய். அப்போதுதான் சங்கத்துக் கோவிந்தராசுக்கு அந்தப் பொம்மை ஞாபகம் வந்தது.

"நம்ம மருதையன் மவ செஞ்சது இருக்கேய்யா! சட்டம் வர்றதுக்கு முந்தியே செஞ்சது. மந்திரியே பாத்தது. அதைவிட என்ன சாட்சி வேணும்?"

மருதையன் விடுதிக்கு வந்து இதைச் சொன்னார்.

"அப்பா, அதுல…"

"தெருவே உன்னத்தான் மலை மாதிரி நம்பிக் கெடக்கு தாயி" என்றார் அப்பா. ஆடிப்பெருக்குக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, பெட்டி டீச்சரிடம் இருப்பதாகச் சொன்னாள்.

விசாரணை நாளன்று டீச்சர் கண்ணாடிப் பெட்டியைத் துணியால் மூடி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார். அம்சம் வழி நெடுக ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். இறங்கிய இடத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்றவள் காத்தாயி. உள்ளதில் நல்ல சேலையாகப் பார்த்து உடுத்தியிருந்தாள்.

"என் வூட்டையும் செஞ்சியா புள்ள? அந்தச் சாக்கையுமா செஞ்ச?" என்று கேட்டுவிட்டு அவளே வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"பெட்டிய இடிச்சிடாத அத்தை" என்றாள் அம்சம். தன்மேலேயே அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

விசாரணை நடந்த ஊராட்சிப் பள்ளிக்கூடத்து மேசைமேல் பெட்டியை வைத்துத் துணியை எடுத்தார்கள். இடித்துத் தரைமட்டமாக்கிய தெரு அங்கே வெள்ளையாக நின்றது. மருதையன் வீட்டு ஆட்டுக்கொட்டில், கோடி வீட்டு அம்மிக்கல், எல்லாம் இருந்தன. பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்கள். காத்தாயி மட்டும் அழவில்லை. ஒரு கோடியிலிருந்து கண்ணை வீடு வீடாக நகர்த்திக்கொண்டு வந்தாள். நடுவில் மரத்துப் பக்கம் வந்ததும் நின்றாள். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். அதன்பிறகு அம்சத்தை ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

தாசில்தார் விரலால் எண்ணினார்.

"பதினொண்ணு. மனுவில பன்னண்டு பேர் இருக்கே?"

யாரும் பதில் சொல்வதற்குள் பஞ்சநதம் முன்னால் வந்தார். அவர் கண் மரத்தின்மேல் இருந்தது. அந்தத் திடலின் ஒவ்வொரு சாணும் அவருக்குத் தெரியும்.

"டீச்சரம்மா, இது பாத்துச் செஞ்சதா, மனசுல தோணினதச் செஞ்சதா?"

"பார்த்த இடத்தைத்தாங்க செய்யச் சொன்னேன்" என்றார் டீச்சர்.

"அப்போ இந்த மரம் எங்க? அந்தத் திடல்ல மரமே கெடையாதே. மரம் கற்பனைன்னா வீடும் கற்பனைதானுங்களே, அய்யா?"

தாசில்தார் கெட்டவர் இல்லை. ஆனால் முடிச்சு அவிழாமல் எழுந்திருக்கிறவரும் இல்லை. அம்சத்தின் பக்கம் திரும்பினார்.

"நீதானம்மா செஞ்சது? உள்ளதச் சொல்லு. இந்த மரம் இருந்துச்சா?"

இல்லை என்றால் பதினோரு வீடும் போகும். இருந்தது என்றால் அத்தையின் வீடு அவள் வாயாலேயே போகும். கோவிந்தராசு, அப்பா, தெரு ஜனம் அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அந்த மரம் பொய் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே யாருடைய வீடு இருந்தது என்பதும் தெரியும். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

"இருந்துச்சுங்க சாமி."

சொன்னது காத்தாயி. யாரையும் சாமி என்று கூப்பிடக் கூடாது என்று சங்கத்தில் எத்தனையோ தடவை சொல்லியும் அவளுக்கு அந்தப் பழக்கம் போனதே இல்லை.

"புங்கமரங்க. நல்லா நெழலா இருக்கும். டிராட்டர்ல சங்கிலி போட்டு வேரோட புடுங்கிட்டுப் போயிட்டாங்க."

"யாரு நீ?"

"காத்தாயிங்க."

தாசில்தார் மனுவைப் பார்த்தார். "உன் பேரும் இருக்கே. இதுல உன் வீடு எது?"

"எனக்கு அங்க ஏதுங்க வூடு? மனை குடுக்குறாங்கன்னு சொன்னாங்க, நானும் பேரக் குடுத்துட்டேன். தப்புதாங்க. அந்த மரத்தடியிலதான் படுத்துக் கெடப்பேன்."

பஞ்சநதம் பின்வாங்கி நின்றார். மனுப் போட்டவளே வந்து தனக்கு வீடு இல்லை என்று சொன்னால், அவள் மற்றதில் பொய் சொல்கிறாள் என்று எப்படி வாதாடுவது? தாசில்தார் பேனாவை எடுத்து அவள் பெயரை அடித்தார். பதினோரு பேருக்கும் மனை உண்டு என்று உத்தரவு சொன்னார். வெளியே வேட்டுப் போட்டார்கள். கோவிந்தராசு அம்சத்துக்குத் துண்டு போர்த்தினார். போர்த்தும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வாய்க்கால் படியில் காத்தாயி கால் கழுவிக்கொண்டிருந்தாள். அம்சம் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"நான் சொல்லிருப்பேன் அத்தை. அதுக்குள்ள நீ சொல்லிட்ட."

"சொல்லிருக்க மாட்ட" என்றாள் காத்தாயி. கோபமாகச் சொல்லவில்லை. "சொன்னா உங்கப்பன் வூடும்ல போயிருக்கும். அத வுடு. ஏன் வைக்கல?"

அம்சம் தண்ணீரைப் பார்த்தாள். இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

"வச்சுப் பாத்தேன் அத்தை. கோணலா இருந்துச்சு. கண்ணு அங்கயே வந்து நின்னுச்சு."

"அசிங்கமா இருந்துச்சா?"

"ஆமா."

காத்தாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து முகத்தைக் கழுவினாள்.

"அந்தக் கழி மட்டும் இல்லாட்டி அம்புட்டு அசிங்கமா இருக்காது" என்றாள். "அறுப்பு முடிஞ்சதும் மாத்தணும்னுதான் இருந்தேன்."

அம்சத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுது காட்டவும் அவளுக்கு முகம் இல்லை.

மருதையன் தன் வீட்டிலேயே வந்து இருக்கும்படி காத்தாயியைக் கூப்பிட்டார். தெருவில் ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். எல்லோர் குரலும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் அவள் கோடியக்கரைப் பக்கம் உப்பளத்து வேலைக்குப் போனாள். போனவள் வரவில்லை.

தெருவை அளந்து கல் நட்டபோது, நடுவில் இருந்த இடத்தைப் பொதுவாக விட்டார்கள். இரக்கமுள்ள தாசில்தார் வேரோடு பிடுங்கிய மரத்துக்கு ஈடாக ஒரு புங்கங்கன்று கொண்டுவந்து தன் கையாலேயே நட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். கன்றும் வஞ்சனை இல்லாமல் வளர்ந்தது. இந்தத் தெருவுக்கு இந்த மரம்தான் அழகு என்று வருகிறவர்கள் சொல்லாமல் போவதில்லை. அம்சம் டீச்சராகி, கல்யாணமாகி, பிள்ளைகளோடு ஊருக்கு வரும்போதெல்லாம், எவ்வளவு வெயிலானாலும் அந்த நிழலை ஒதுக்கிவிட்டுச் சுற்றித்தான் போனாள்.