கிழக்கு வேலியில் ஒரு வெடி

மகன் தாராஸின் படத்துக்குக் கீழே இரண்டு ஆணிகளை ஒரிசியா தன் கையாலேயே அடித்து வைத்திருந்தாள். அவனுடைய கைத்துப்பாக்கி அங்கேதான் தொங்கப்போகிறது. மார்ச்சில் பனி இறுகிய சாலையில் வண்டி உருண்டு அவன் போன பிறகு, அவனுடைய துணிமணிகளையெல்லாம் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டாள். இதை மட்டும் விட மனம் வரவில்லை. ஞாயிறுதோறும் அவன் சமையலறை மேசையில் அதைப் பிரித்துப் போட்டு எண்ணெய்த் துணியால் துடைப்பான். மாவு பிசைய இடமில்லை என்று இவள் கத்துவாள்.

கைத்துப்பாக்கியை அவன் அப்பா மெத்ரோவின் பெயருக்கு மாற்றச் சட்டம் விடவில்லை. ஒரே வழி, நகரத்தில் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்க் குழலை வெல்டிங் வைத்து அடைத்துவிடுவது. பிறகு அது வெறும் இரும்பு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அதை நகரத்துக்குக் கொண்டுபோவதற்கான அனுமதிச் சீட்டோடு கான்ஸ்டபிள் பெல்வா வந்தான். தாராஸோடு நகரத்துச் சுடுதளத்தில் பழகியவன்.

"பெரோகி வெந்துட்டிருக்கு, உக்காருடா." ஒரிசியா கொதிக்கும் கிழங்குக் கொழுக்கட்டைகளைக் கிளறிவிட்டாள்.

"வேணாம் ஆன்ட்டி. போன தடவை சாப்பிட்டதுக்கே பெல்ட்டுல புது ஓட்டை போட்டேன்."

மெத்ரோ துப்பாக்கிப் பெட்டியைத் திறந்து கொடுத்தார். பெல்வா துப்பாக்கியின் எண்ணைச் சீட்டோடு ஒத்துப் பார்த்தான். குழல் வாயில் விரலை வைத்தான். சுட்ட மருந்தின் கரி ஒட்டி விரல் கறுத்தது. அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"தாராஸ் கடைசியா சுட்டுட்டுத் துடைக்காம வச்சுட்டான் போல. அப்படித்தானே, அங்கிள்?"

அவன் மெத்ரோவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். அவன் தப்பிக்க வழி கொடுக்கிறான் என்று ஒரிசியா சட்டென்று புரிந்துகொண்டாள்.

"ஆமாப்பா. மறந்திருப்பான்."

"யாரு மறந்தது?" மெத்ரோவின் குரல் உயர்ந்தது. "பல்லு விளக்க மறப்பான், இதைத் துடைக்க மறந்திருக்கானா? நான்தான் சுட்டேன்."

"மெத்ரோ, வாயை மூடு."

"பழியைச் செத்தவன் தலையில போடச் சொல்றியா? அவனோட நாப்பதாம் நாள் விருந்து முடிஞ்சு நீ கோயில் கூடத்துல தட்டு கழுவிக்கிட்டிருந்தே. இன்னியோட அவன் ஆத்மா கிளம்பிடும்னு பாதிரியார் சொன்னாரு. வழியனுப்ப வேணாமா? கிழக்கு வேலிக்குப் போயி வானத்தைப் பாத்து ஒண்ணு சுட்டேன். ஒண்ணே ஒண்ணு. குழலை அடைச்சப்புறம் அது பேசாதே."

"அங்கிள்…"

"என்ன அங்கிள்? என் நிலம். எங்கப்பா கல்லு பொறுக்கின நிலம். அறுபது வருஷமா இங்கதான் சுடறேன்."

"நீங்க சுட்டது ரைஃபிள். பயிரைத் திங்கற தரை அணிலை அதால சுட்டா யாரும் கேக்க மாட்டாங்க. இந்தக் கைத்துப்பாக்கியை அனுமதி பெற்ற சுடுதளத்தைத் தவிர எங்கயும் சுடக் கூடாது. நிலம் யாரோடதுன்னு சட்டம் பாக்காது." பெல்வா நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம். இப்ப என் காதுல விழுந்துடுச்சு."

வழக்கை எழுத அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. வீட்டிலுள்ள ரைஃபிள்களை எடுத்துப்போகவும் ஆள் வரும் என்றான். கைத்துப்பாக்கி திரும்பி வராது, உருக்கிவிடுவார்கள். வெற்றுத் தோட்டாக் கூட்டையும் கேட்டான். மெத்ரோ சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அன்றிலிருந்து அதைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார்.

வண்டி கிளம்பிப் போனது. அடுப்பில் பெரோகி குழைந்து தண்ணீரோடு கலந்திருந்தது. ஒரிசியா அடுப்பை அணைத்தாள். திட்டுவதற்காகத்தான் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னையும் கூப்பிட்டிருக்கலாமில்ல?"

அவர் காலியான பெட்டியை மூடினார்.

"சத்தம் எப்படி இருந்துச்சு?"

"சின்னதாத்தான். அன்னிக்குக் காத்து அதிகம். எனக்கே சரியா கேக்கல."