மூன்று நிறக் காலண்டர்

இந்த நூற்றாண்டில் மனித குலத்துக்கு நேர்ந்த ஆகப் பெரிய வீழ்ச்சி, எங்கள் வீட்டில் குளியலறை கழுவுவது ஞாயிறு காலை பத்து மணிக்கு என்று செல்போனில் அறிவிக்கப்பட்ட தினத்தில் நிகழ்ந்தது. வரலாற்று ஆசிரியர்கள் இதை இன்னும் கவனிக்கவில்லை. அவர்களுக்கும் வீட்டில் வேலை இருந்திருக்கும்.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் அக்கா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எதைக் கண்டாலும் லேபிள் ஒட்டாமல் அவளுக்குக் கை நிற்காது. ஒரே காலண்டர், நான்கு பேர் போனிலும் தெரியும். அப்பாவுக்கு நீலம், அம்மாவுக்கு ஆரஞ்சு, அவளுக்கு ஊதா, எனக்குப் பச்சை. லிஃப்ட் பழுதுபார்க்கும் அப்பாவின் ஷிஃப்ட், அம்மா நடத்தும் தையல் வகுப்பு, முழங்கால் வலிக்காக அம்மா புதன்தோறும் போகிற பிசியோதெரபி, காஸ் சிலிண்டர், கரண்ட் பில் எல்லாம் அதில் ஏறின. ஒருவர் சாவியை எடுத்துப்போய் இன்னொருவர் வாசலில் தேவுடு காக்கும் வழக்கம் ஒழிந்தது என்று அப்பா மகிழ்ந்தார். வாசலில் நின்று பக்கத்து வீட்டாரோடு பேசிப் பழகும் பண்பாடும் சேர்ந்து ஒழிந்ததை நான் சுட்டிக்காட்டினேன். யாரும் சட்டை செய்யவில்லை.

எனவே பச்சை நிறம் எதிர்க்கட்சி ஆனது. 'அப்பா சிரிக்கும் நேரம்: மாலை 6.10 முதல் 6.11 வரை' என்று பதிந்தேன். 'அக்கா சொல்வது தவறு என நிரூபணம்: நாள் முழுவதும்' என்று பதிந்தேன். அப்பா சாப்பிடும்போது போனை எட்டப் பிடித்துப் படித்துவிட்டு, இவன் கொழுப்புக்கு அளவே இல்லை என்பார். சொல்லும்போது மீசை ஓரம் கொஞ்சம் நடுங்கும். கலைஞனுக்கு அது போதும்.

அம்மாவின் பிசியோதெரபியை வியாழனுக்கு நகர்த்தி, 'முழங்காலுக்குப் பணி ஓய்வுப் பாராட்டு விழா' என்று பெயர் மாற்றியது என் சிறந்த படைப்பு. பெயரைப் பார்த்துச் சிரித்த அம்மா, தேதியை நம்பிவிட்டாள். வியாழக்கிழமை நொண்டிக்கொண்டே படியேறிப் போனவளை, நேற்றே வந்திருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை என்னை யாரும் திட்டவில்லை. அப்பா மட்டும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

நான் விடாமல் எழுதினேன். மழைக்காலம் வந்து போனது. காலண்டரில் மற்ற நிறங்கள் மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் பச்சை மட்டும் நின்றது. எதிரிகள் களைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் 'ஒரு சர்வாதிகாரத்தின் சரிவு' என்று கட்டுரையே எழுதினேன். நல்ல வரவேற்பு.

போன செவ்வாய்க்கிழமை மாலை என் போனில் சார்ஜ் இல்லை. நண்பனிடம் பேச அம்மாவின் போனை வாங்கினேன். எண்ணை அழுத்துவதற்குள் மேலிருந்து ஓர் அறிவிப்பு இறங்கியது: 'அட்டைப்பெட்டி, டேப் வாங்க: அப்பா.' விரல் பட்டது. திறந்தது வேறொரு காலண்டர். பெயர் 'வீடு'. நீலம், ஆரஞ்சு, ஊதா. அவ்வளவுதான்.

இஸ்திரிக்காரரிடமிருந்து துணி வந்ததும் சனிக்கிழமை பெட்டி கட்டுகிறார்கள். ஞாயிறு காலை வேன். அக்கா வேறு ஊர்க் கிளைக்கு மாற்றலாகிப் போகிறாள். பின்னால் தள்ளிப் பார்த்தேன். உத்தரவு வந்தது போன மாதம். கல்யாண வீட்டுக்கு என்று சொல்லி மூவரும் கிளம்பிப் போனார்களே, அந்தச் சனிக்கிழமை அவளுக்கு ஹாஸ்டல் அறை பார்க்கப் போயிருக்கிறார்கள். அன்று நான் தீய்ந்த முட்டையைத் தின்றுகொண்டு, காலண்டரில் 'அனாதைகள் தினம்' என்று பதிந்திருந்தேன். மாதக்கணக்கில் காலி அரங்கத்தில் ஆடியிருக்கிறேன். விளக்கை அணைக்காமல் போனதுதான் அவர்கள் காட்டிய கருணை.

அக்கா பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன். பார்த்தாள், மடிப்பதை நிறுத்தவில்லை.

"இஸ்திரி போடுற அண்ணனுக்குக்கூடத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும். துணி சனிக்கிழமைக்குள்ள வேணும்ல."

"எனக்கு யாரு சொல்றதா இருந்தது? வேன் டிரைவரா?"

"வெள்ளிக்கிழமை சொல்றதா இருந்தோம். அதுவும் அதுலயே இருக்கு, பாரு."

இருந்தது. வெள்ளி மாலை, ஆரஞ்சு நிறத்தில், சிலிண்டர் வருவதற்கும் மாவு அரைப்பதற்கும் நடுவில்: 'தம்பிகிட்ட சொல்லணும்.'

துரோகம், சதி, முதுகில் குத்து என்று கைவசம் இருந்த எல்லாவற்றையும் கொட்டினேன். ஊரார் ரத்தத்தையெல்லாம் சோதிக்கிறவளுக்குச் சொந்த ரத்தம் கண்ணில் படவில்லையா என்றுகூடக் கேட்டேன். சாதாரணமாக இதற்கு ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தருவாள். அன்று ஒரு துப்பட்டாவை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"ஆர்டர் வந்த அன்னிக்கு அம்மா சமையலறையில நின்னு அழுதாடா," என்றாள். "நீ உள்ரூம்லதான் இருந்த. அப்பா உன்னைக் கூப்பிட எழுந்தாரு. நான்தான் வேணாம்னேன். நீ வந்து ஏதாவது சொல்லியிருப்ப, நாங்களும் சிரிச்சிருப்போம். எங்களுக்கு அன்னிக்குச் சிரிக்க வேணாம்னு இருந்துச்சு."

அதற்கும் என்னிடம் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. மூன்றும் நல்ல நகைச்சுவை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

சார்ஜ் ஏறியதும் பக்கத்து அறையிலிருந்து அக்கா அனுப்பிய அழைப்பு என் போனில் வந்து விழுந்தது: 'வீடு' காலண்டரில் சேர விருப்பமா? கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா, தொடவில்லை. புதன்கிழமை யாரோடும் பேசவில்லை. அம்மா தட்டில் இரண்டாவது முறை போட வந்தபோது வேண்டாம் என்று கையால் மட்டும் மறைத்தேன். "கோவத்துலயும் மொத தடவை போட்டதை நல்லாத்தான் சாப்பிட்டிருக்கான்," என்று அவள் அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

வியாழக்கிழமை, பொருளாதார வகுப்பின் கடைசி பெஞ்சில், திறந்தேன். ஞாயிற்றுக்கிழமையில் போய் நின்றேன். 'காலை 7, வேன். மேஜை இறக்க: அப்பா, கூலிக்கு ஒரு ஆள்.'

ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனிதர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி. அக்கா பத்தாம் வகுப்பிலிருந்து படித்த தேக்கு மேஜை, கனம் கொஞ்சநஞ்சமல்ல. அதற்கு ஒரு முனை பிடிக்க, வீட்டில் இருபது வயதில் ஒருவன் இருக்க, முகம் தெரியாத ஒருவனிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவனுக்குக்கூட அக்கா போவது எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவள் மறைத்ததைவிட, பொய்க் கல்யாணத்தைவிட, இதுதான் நெஞ்சில் போய்க் குத்தியது.

பேராசிரியர் பலகைப் பக்கம் திரும்பினார். 'கூலிக்கு ஒரு ஆள்' என்பதை அழித்தேன். 'நான்' என்று எழுதினேன். நிறம் கேட்டது, முதலில் கண்ணில் பட்டதைத் தொட்டேன். எப்போது நினைவூட்ட வேண்டும் என்று கேட்டது. ஒரு நாள் முன்பு, ஒரு மணி நேரம் முன்பு என்று இருந்தன. இரண்டையும் தேர்ந்தெடுத்துவிட்டு, போனைப் பெஞ்சுக்கு அடியில் வைத்தேன்.