டொறீனின் பன்றிகள் ஏன் வளரவில்லை

1

இந்தக் கதை ஒரு கால்நடைத் துண்டுப்பிரசுரத்தில் பிறந்தது. அதைத் தமிழாக்கித் தரச் சொல்லியிருந்தார்கள். வளரும் பன்றி தீனியிலுள்ள அமினோ அமிலங்களைக் கொண்டுதான் தசை கட்டுகிறது. அவற்றுள் லைசின் என்ற ஒன்று குறைந்துவிட்டால், மற்றவை எவ்வளவு இருந்தும் தசையாகாமல் சிறுநீரோடு போய்விடும் என்று இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. வஹகோட்டை என்ற கத்தோலிக்கக் கிராமத்தில் ஒரு பெண்ணைக் குடிவைத்தேன்.

2

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் டொறீன்—

(வேண்டாம். மழையால் இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.)

1990, ஆடி மாதம். சண்டை மறுபடி தொடங்கித் திருகோணமலைப் பாதை மூடியதும் கருவாடு வருவது நின்றது. அதன் தூளைத்தான் டொறீன் தன் பன்றிக்குட்டிகளுக்குக் கலந்து வைப்பாள். கணவன் கபிரியேல் வெளியூர்த் தச்சுவேலையை விட்டிருந்தான்; சோதனைச் சாவடிகளில் தமிழன் என்று காட்டிவிடும் அடையாள அட்டையை நீட்ட அவனுக்குத் துணிவில்லை. வீடு டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு விற்கும் பன்றிகளை நம்பி இருந்தது.

"புண்ணாக்கக் கூட்டிப் போடு" என்றான் கபிரியேல்.

"கூட்டித்தான் போடுறேன். கொட்டில்ல மூத்திர நாத்தம்தான் கூடுது. தொடையில சதை பிடிக்கல்ல."*

* சரியாகக் கவனித்திருக்கிறாள். கருவாட்டில் இருந்த லைசின் புண்ணாக்கில் போதாது; தசையாகாத புரதம்தான் அந்த நாற்றம். 'லைசின்' என்ற சொல்லை அவள் வாயில் வைக்கப் பார்த்தேன், ஒட்டவில்லை.

3

கருவாட்டுத் தூளை உக்குவளையில் முஸ்லிம் வியாபாரி மக்கீனின் கடையில் வாங்குவாள். கோழிக்கு என்று சொல்லித்தான் வாங்கிவந்தாள். இப்போது கடை வெறுமையாகக் கிடந்தது.

"தூள் இனி வராது தங்கச்சி. வில்கமுவயில சோயா வெளஞ்சிருக்காம். வறுத்து அரைச்சுக் குடுங்க, அதே சத்துத்தான்."

"அந்த ரோட்டுல இவர அனுப்ப ஏலாது நானா."

"நான் போய்க் கொண்டாறேன்."

(முதல் வரைவில் இங்கே அவள் சந்தோசமாக வீடு திரும்பினாள். கதை அதோடு செத்துவிட்டது.)

"நானா... கோழிக்கு இல்ல. பன்னிக்கு. பொய் சொல்லி ஒங்கள அனுப்ப மனசு வரல்ல."

மக்கீன் தராசுத் தட்டைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"மூட்டைய ஒங்க ஊர்ச் சந்தியில எறக்கி வைப்பேன்" என்றார் கடைசியில். "வீட்டுப் பக்கம் வரமாட்டேன்."

4

அவர் திரும்பி வரவில்லை என்று ஒரு முடிவு எழுதினேன். அந்த ஆண்டுகளைப் பற்றி அப்படி எழுதுவது எளிது. அடித்துவிட்டேன்.

வந்தார். சாவடியில் மூட்டையைக் குத்திப் பார்த்ததில் பாதி சோயா வழியெல்லாம் சிந்தியிருந்தது. மிச்சத்தை டொறீன் வறுத்து அரைத்துத் தவிட்டில் கலந்தாள். பிறகும் இரண்டு தடவை மக்கீன் போய்வந்தார். குட்டிகளின் தொடைகள் உருண்டன. கொட்டிலின் நெடி தணிந்தது. நத்தாருக்கு முன் எல்லாம் விலைபோயின.

5

உதவிய வீடுகளுக்கு நத்தார் நாளில் இறைச்சிப் பங்கு அனுப்புவது டொறீனின் வழக்கம். மக்கீன் வீட்டுக்கு என்ன அனுப்புவாள்?

கேக் என்று எழுதினேன். பன்றிநெய் பட்ட அடுப்பு. மக்கீனின் மனைவி ஸுபைதா ஒன்றும் கேட்கமாட்டாள், தின்னவும் மாட்டாள். சேலை என்று எழுதினேன், கூலி கொடுத்ததுபோல் இருந்தது. வெறுங்கையோடு போய்—

டொறீன் இதற்குள் உக்குவளை பஸ்ஸில் ஏறிவிட்டாள். மடியில் ஒரு பொதி இருக்கிறது. உள்ளே என்னவென்று நீங்களே வைத்துக் கட்டுங்கள். ஸுபைதா தயங்காமல் இரண்டு கையாலும் வாங்கக்கூடியதாக இருக்கட்டும்.