எரிக்காத குழல்

சொரோட்டி ஊரில் மாலை ஐந்து மணியானால் ஆண்கள் தெருவில் இறங்கிவிடுவார்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஆளைவிட நீளமான உறிஞ்சுகுழல் சாய்ந்திருக்கும். நடுவில் கேழ்வரகுக் கள்ளுப் பானை, சுற்றிலும் முக்காலிகள், அவரவர் குழல் அவரவர்க்கு. பெண் பேசி முடிப்பதும் வரப்புத் தகராறைத் தீர்ப்பதும் அந்தப் பானையடியில்தான். பானையை விட்டவன் ஊரையே விட்டவன் மாதிரி.

சைக்கிள் கடை ஒகிரோர் அதை விட்டு எட்டு மாதம் ஆகிறது.

“என்ன ஒகிரோர், உன் முக்காலியில இப்ப ஆடு உக்காருது. உன்னைவிடக் கம்மியாத்தான் குடிக்குது,” என்றான் போகிறவர்களில் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒகிரோர் தலை நிமிராமல் டியூபைத் தண்ணீரில் அமுக்கினான். இந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதுதான் அவனுக்குத் தினமும் பெரும்பாடு.

மாவு மில் ஒலுக்கா தேநீர்ப் பிளாஸ்க்கோடு வந்து உட்கார்ந்தான். அவனும் விட்டவன். இருவருக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதனால் ஜெபமும் சத்தியமும் இல்லாமல், தினம் ஐந்து மணிக்கு ஒரே ஒரு கேள்வி.

“இன்னிக்கு?”

“குடிக்கல. நீ?”

“குடிக்கல. மில்லுல நாலு தடவை நெனச்சேன்.”

“நான் இப்பவே நெனச்சுட்டுத்தான் இருக்கேன். டீய ஊத்து.”

அந்தப் பேச்சைக் கேட்டபடியே ஒகிரோரின் மனைவி அமோங்கின் வந்தாள். இரண்டு வருடமாக அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் எல்லோர் முன்னாலும், ‘ஆண்டவர் என்னை விடுவித்தார்’ என்று சாட்சி சொல்லிக் குழலை எரித்தால் திரும்பி வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

“குழலைக் குடுங்க. அண்ணன் வாங்கிட்டு வரச் சொன்னாரு.”

“என்னால அதைச் சொல்ல முடியாது, அமோங்கின்.”

“ரெண்டு வார்த்தை. சொன்னா வாய் வலிக்குமா? குடிச்சப்போ எத்தனை பொய் சொன்னீங்க?”

“அதனாலதான். என் குடி ஓடினதே பொய்யிலதான். நாளைக்கு அங்க நின்னு ஒரு பொய் சொன்னா, சாயங்காலம் காலு தன்னால பானைக்குப் போயிரும்.”

ஒலுக்கா எழுந்தான். “நீங்க இருங்கண்ணே,” என்றாள் அவள். பிறகு கணவனைப் பார்த்தாள். குரல் இறங்கியிருந்தது.

“ஆண்டவர் நிறுத்தினாருன்னா என் மனசு ஏத்துக்கும். நீங்களே நிறுத்தினதாச் சொன்னா, அன்னிக்கே நிறுத்தியிருக்கலாமே. புள்ளை காய்ச்சல்ல கிடந்தப்போ பானையடிக்கு வந்து கூப்பிட்டேன். ‘இந்தப் பானை முடியட்டும்’னீங்க. தனியாத் தூக்கிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கினப்போ உடம்பு சில்லிட்டுப் போச்சு.”

“நிறுத்தியிருக்கலாம்,” என்றான் ஒகிரோர்.

இரண்டு வருடத்தில் அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை.

“சாத்தான் குடிக்க வெச்சான்னு உங்கண்ணன் சொல்றாரு. குடிச்சது நான். புள்ளையை விட்டவனும் நான். அதைச் சாத்தான் தலையில கட்டினாத்தான், குடியை விட்டதை ஆண்டவர் கணக்குல சேர்க்க முடியும். எனக்கு ரெண்டும் வேணாம்.”

உள்ளே போய், கூரையில் செருகியிருந்த, துணி சுற்றிய குழலை எடுத்து வந்து கொடுத்தான். “எரிக்கணும்னா நீ எரிச்சுக்க.”

அவள் துணியைப் பிரித்தாள். குழலின் வாய்ப்பக்கத்தில் சின்னச் சின்னப் பல் தடங்கள். பால்பல் முளைத்தபோது மகன் ஒதேக்கே அப்பன் மடியில் கிடந்து கடித்தவை. கட்டைவிரலால் அவற்றை ஒவ்வொன்றாகத் தடவினாள். பானையடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

அண்ணன் சைக்கிளில் வந்து நின்றார். “என்னம்மா, குழல் கெடைச்சுதா? நாளைக்குச் சாட்சி உண்டான்னு பாஸ்டர் கேட்டு அனுப்பினாரு.”

“சாட்சி கெடையாதுண்ணே.”

“அப்ப எட்டு மாசமா யாரு இவனைத் தாங்குறது? தானாவே நிக்கிறானாமா?”

“ஒலுக்கா அண்ணன் டீயோட வந்து உக்காருறாரு. அவ்வளவுதான். நான் என் ஆண்டவரைக் கும்பிட்டுக்கறேன், அது எனக்கு. குடியை விட்டவன்கிட்ட எந்தச் சாமி விடுவிச்சதுன்னு நாம கேக்க வேண்டியதில்லண்ணே. அவன் தவிக்கிற நேரத்துல பக்கத்துல யாரு இருக்காங்கன்னு கேக்கணும். நான் இருந்ததில்ல.”

அண்ணன் தேநீர்ப் பிளாஸ்க்கையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

அமோங்கின் குழலைத் துணியில் சுற்றி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

“மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அது என்னால முடியுமான்னு தெரியல.”

“அப்படி நெனைக்கல.”

ஒலுக்கா மூன்றாவது கோப்பையில் தேநீர் ஊற்றினான். அது ஆறும்வரை அவள் தொடவில்லை. பிறகு, மகன் போன நாளிலிருந்து கூப்பிடாத பெயரால் கணவனைக் கூப்பிட்டாள்.

“ஒதேக்கே அப்பா, இன்னிக்கு?”

“குடிக்கல,” என்றான் அவன்.