கட்டைவிரல் தேர்ந்தெடுத்த சீட்

மெத்தைக்கடைக்காரருக்குக் கட்டைவிரல்தான் தராசு. எந்த மெத்தையையும் ஓர் அமுக்கு அமுக்கி, விரல் மேலெழும்பும் வேகத்தை வைத்தே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். இருபது வருடமாக ஏமாறாத அந்த விரல், மனைவிக்குச் சைக்கிள் சீட் வாங்கப் போன அன்று அவர் காலை வாரிவிட்டது.

மனைவி கணக்கு டீச்சர். நாற்பத்தாறு வயதில், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் டிரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார். நீச்சலில் மீன். ஓட்டம் பரவாயில்லை. சைக்கிளில்தான், முக்கால் மணி நேரம் தாண்டினால் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. போட்டியில் நாற்பது கிலோமீட்டர். இன்னும் மூன்றே வாரம்.

"இவ்வளவுதானே?" என்று கிளம்பியவர், சைக்கிள் கடையிலிருந்த அத்தனை சீட்டையும் அமுக்கிப் பார்த்து, இருப்பதிலேயே அகலமாக, புசுபுசுவென்று ஒன்றை வாங்கிவந்து மாட்டினார். டீச்சர் அதில் நீண்ட தூரம் ஓட்டிவிட்டுக் காலை அகட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்.

"என்னங்க, ஏறி உக்காந்தா அப்படியே உள்ள போயிடுறேன். தொடை ரெண்டும் உரசிப் புண்ணாயிடுச்சு. விடுங்க, பேரை வாபஸ் வாங்கிடுறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். இது, தேறாத பிள்ளையின் அம்மாவிடம் டீச்சர் பேசுகிற மெதுவான குரல். மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மாலை, மனைவியையும் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு அதே கடைக்குப் போனார்.

கைநிறைய கிரீஸோடு நின்ற மெக்கானிக் பெண் சீட்டைப் பார்த்தாள். "யாரோட செலக்‌ஷன் சார் இது?"

"நான்தாம்மா."

"விரலால அமுக்கிப் பார்த்தீங்களா?"

"ஆமா."

"ஓட்டப்போறது விரலா சார்?"

டீச்சர் களுக்கென்று சிரித்துவிட்டார். தன் கடைக்கு வருகிறவர்களையெல்லாம் செருப்பைக் கழற்றிக் கால் மணி நேரம் படுத்துப் பார்க்கச் சொல்பவர், மனைவியை ஒரு நிமிடம் உட்காரக்கூடச் சொல்லாமல் வாங்கியிருந்தார்!

மெக்கானிக் ஒரு ஸ்டூலில் அட்டையைப் போட்டு டீச்சரை உட்காரவைத்தாள். எழுந்ததும் அட்டையில் இரண்டு குழிகள். ஸ்கேலால் இடைவெளியை அளந்தாள்.

"இந்த ரெண்டு எலும்புதான் அக்கா உங்களைத் தாங்கணும். ரொம்ப மெத்துன்னு இருந்தா அது புதைஞ்சு, நோகக்கூடாத இடம் நோகும். நீங்க குனிஞ்சு ஓட்டுறீங்க, எடை முன்னாடி வரும். சீட்டோட மூக்கு குட்டையா, நடுவுல பள்ளமா இருக்கணும்."

அவள் கொடுத்ததை மெத்தைக்காரர் பழக்கதோஷத்தில் அமுக்கினார். விரல்தான் வலித்தது. "ஏம்மா, இது பலகை!"

"ஒரு வாரம் ஓட்டட்டும். ஒத்துவரலன்னா மாத்தித் தரேன்."

சனிக்கிழமை காலை டீச்சர் முன்னால் போக, தண்ணீரும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு அவர் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தார். இருபதாவது கிலோமீட்டரில் டீச்சர் ஓரங்கட்டி இறங்கினார். மெத்தைக்காரர் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"போதுமா? வீட்டுக்குப் போயிடலாமா?"

"ஸ்பேனரைக் குடுங்க. மூக்கு ஒரு நூல் இறங்கணும்."

டீச்சரே இறக்கினார். ஏறினார். முப்பது போனது. முப்பத்தைந்து போனது. ஸ்கூட்டர்காரருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

"நாப்பது ஆயிடுச்சும்மா! நில்லு!"

டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்ங்க. பேசாம வாங்க!"

நொந்த இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, அவர் ஸ்கூட்டரை முறுக்கினார்.