மூடி வைத்த லேப்டாப்

…ஐந்தே முக்காலுக்கு எழுந்தான், பல் தேய்த்தான், பாலில்லாத கட்டன் சாயா போட்டான், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் முதல் ஜீப் கீழே ஹாரன் அடித்துப் போயிற்று, நெட் ஒழுங்காகக் கிடைக்கும் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்தான், மனைவி இன்பமேரி தவறிப்போன இந்த ஏழு மாதமாக ஜினோவுக்கு இதுதான் காலை, இன்று கூடுதலாக ஒன்று, கோ என்கிற புதிய கம்ப்யூட்டர் மொழி. ஆறு வருஷம் ஜாவாஸ்கிரிப்டில் வெப்சைட் செய்தவன். திங்களுக்குள் இது கைக்கு வராவிட்டால் வேலை ரிஜினுக்குப் போய்விடும், ஜினோவே கம்பெனியில் சேர்த்துவிட்ட பையன், சாந்தன்பாறை மாதா கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவன். போகட்டுமே என்று விடலாம்தானே? எட்டு வரி எழுதினான், ஓட மாட்டேன் என்றது. ஒரு பெயரை உண்டாக்கிவிட்டு எங்கும் பயன்படுத்தவில்லையாம். ஜாவாஸ்கிரிப்டில் இதையெல்லாம் யார் கேட்டார்கள்… வேறு வழியில்லாமல் ரிஜினுக்கே போன் போட்டான்.

“அது அப்படித்தாண்ணே, சும்மா வச்சிருந்தா கத்தும். நீங்களும் மொத நாளே இதுலயே விழுந்துட்டீங்களா? இன்பாக்கா அஞ்சு நிமிசத்துல புடிச்சிட்டாங்க, தெரியுமா?” சிரித்துக்கொண்டே பேசியவன் சட்டென்று நிறுத்தினான். “…அண்ணே, அவங்க சொல்லலையா? கொயர் பிராக்டிஸ் முடிஞ்சு பாரிஷ் ஹால்ல உக்காந்து படிப்போமே.” சொன்னாள் என்றான் ஜினோ. போனை வைத்தான்.

சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இவன் தூங்கினான், அவள் பாடப் போனாள், பதினொன்றரைக்கு வந்தாள், பாட்டு இன்னும் சரியாக வரவில்லை என்பாள், என்ன பாட்டு என்று இவன் கேட்டதுண்டா? பள்ளிக்கூடத்து டீச்சருக்கு கோ எதற்கு? பீரோவிலிருந்து அவள் லேப்டாப்பை எடுத்தான், சார்ஜரைச் சொருகினான், ஏழு மாதத்துக்குப் பிறகு அது மெல்ல எழுந்தது. இருபத்திமூன்று பாடங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ரிஜின் குறிப்பு எழுதியிருந்தான், அக்கா சூப்பர், அக்கா இங்க கமா போதும், அக்கா தூங்கிட்டீங்களா… அக்கா என்று போட்டுவிட்டால் வயிறு எரியாதா? அவள் தப்பு செய்து சிரித்ததையெல்லாம் அவன் பார்த்திருக்கிறான், இருபத்திமூன்று ஞாயிறு, இவனுக்கு ஒன்றுகூட இல்லை. கடைசிப் பாடம் ஒரு சின்ன வெப்சைட், ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுபோயிருந்தது. அடியில் ரிஜின்: “போதும்க்கா, அண்ணன்ட்ட காட்டுங்க.” அதற்கடியில் அவள்: “இன்னும் இல்ல. அவர் பார்த்ததும் குத்தம்தான் சொல்வார்.”

சொல்வானா? கல்யாணமான புதிதில் எனக்கும் சொல்லித் தாங்களேன் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், நான்காவது வரியில் இவன் அவள் கையிலிருந்து மௌஸை வாங்கி, இப்படி இல்ல, தள்ளு… தள்ளிக்கொண்டாள். அதோடு கேட்கவேயில்லை. முதலில் இவனிடம்தான் வந்தாள், ரிஜினிடம் அல்ல, இது ஆறுதலா, என்ன இது? அந்தக் கடைசிச் சனிக்கிழமை அவளுக்குத் தேவிகுளத்தில் டீச்சர்கள் மீட்டிங், அவள் லேப்டாப் மேசையில் திறந்தே இருந்தது, அதனுள் ஃபேன் இரைந்தது, ஜீப் வந்துவிட்டது, அந்த ஜீப்தான் பூப்பாறை இறக்கத்தில் உருண்டது. அவள் போனதும் இரைச்சல் பொறுக்காமல் மூடியை அழுத்தி மூடியது இவன்தான். குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று அவள் சொன்னது இவ்வளவுதான், “ஏங்க, அதை மூடிறாதீங்க, ஓடிட்டிருக்கு.”